வேல்யூஸ் கார்டு: இலவசமாகக் கிடைப்பதே போதும்

வாழ்க்கையில் உனக்கு உண்மையிலேயே என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்லி விற்கிற ஆப், கோர்ஸ், டைரி எல்லாவற்றையும் ஓரளவு பார்த்தாயிற்று. அதில் மறுபடியும் எடுத்துப் பயன்படுத்துவது, எது நமக்கு முக்கியம் என்று சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கிற இந்த 'வேல்யூஸ் கார்டு' கட்டு ஒன்றைத்தான். அதிலும் வேடிக்கை, இது இலவசம்.

2001இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் அவரோடு மூன்று ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. மில்லர் யார் என்றால், குடியை விட நினைப்பவர்களிடம் உபதேசம் செய்யாமல் அவர்கள் வாயாலேயே காரணத்தை வரவழைக்கிற 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' முறைக்குப் பெயர் பெற்றவர். மொத்தம் 83 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல், கீழே ஒரு வரி விளக்கம்: செல்வம், தனிமை, கடமை, சாகசம், புகழ், குடும்பம் என்று போகும். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார்கள். ஆகவே அச்சடித்துக் கத்தரித்தால் வேலை முடிந்தது.

எப்படிச் செய்வது? ரொம்ப முக்கியம், முக்கியம், முக்கியமில்லை என்று மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். முதல் சுற்றில் ஒரு பிரயோஜனமும் இருக்காது, அதைப் பார்த்துச் சலித்துவிடாதீர்கள். நேர்மை என்று எழுதியிருக்கிற சீட்டை எவர் 'முக்கியமில்லை' பக்கம் போடுவார்? எல்லாம் ரொம்ப முக்கியத்திலேயே வந்து குவியும். அந்தக் குவியலைப் பத்தாகக் குறை, பத்தை ஐந்தாகக் குறை, ஐந்தை வரிசைப்படுத்து என்று இறங்கும்போதுதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ஒரே ஒரு இடம் மீதி இருக்கும், கையில் 'கடமை'யும் 'தனிமை'யும் இருக்கும், இரண்டில் ஒன்றைக் கீழே போட்டே ஆக வேண்டும். இத்தனை வருஷமாக இரண்டும் வேண்டும் என்று சொல்லிச் சமாளித்து வந்த ஆளுக்கு அந்த இடத்தில் கை நின்றுவிடும். எதைப் போட்டோம் என்பதைவிட, போட்டபோது மனசு லேசானதா கனத்ததா என்பதைக் கவனியுங்கள். நான் இந்தக் கட்டுக்கு மார்க் போடுவது அதற்காகத்தான்.

தனியாக உட்கார்ந்து செய்யுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் 'புகழ்' சீட்டை மேலே வைக்க யாருக்கும் தைரியம் வராது.

இன்னொன்று, மிஞ்சிய ஐந்தில் எது நம்முடையது, எது ஊர் நம் தலையில் ஏற்றியது என்று கட்டு சொல்லாது. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். விரும்பிச் செய்வது வேறு, செய்யாவிட்டால் குற்ற உணர்வு வரும் என்பதற்காகச் செய்வது வேறு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் அதை வைத்து ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டேன்: இது என் வாழ்க்கையில் இல்லாமலே போனால், யாருக்குமே அது தெரியவராது என்று வைத்துக்கொண்டால், அப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்குமா? ஐந்தில் ஒன்றிரண்டு சீட்டு இந்தக் கேள்வியில் கழன்றுவிடும்.

காசு கொடுத்து வாங்கிய பதிப்பு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். தடித்த அட்டை, அழகான பெட்டி எல்லாம் சரி. ஆனால் கூடவே ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் 'ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய்' என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்கள். உதவி என்று நினைத்துச் செய்திருப்பார்கள், விளைவு நேரெதிர். 1993இல் உளவியலாளர் டிமோத்தி வில்சனும் சகாக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு போஸ்டரை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் ஒரு பகுதியினர் மட்டும் முதலில் பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் காரணம் எழுத வேண்டும். சில வாரம் கழித்துக் கேட்டால், காரணம் எழுதியவர்களுக்குத்தான் தாங்கள் எடுத்த போஸ்டரில் திருப்தி குறைவு. சுலபமாக வார்த்தைக்குள் வருகிற காரணமும் உண்மையான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இல்லையா? அதனால் சீட்டுகளை வேகமாகப் பிரித்துவிடுங்கள், எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய குறை, அசல் தொகுப்போடு வருகிற காலிச் சீட்டுகளை இதில் எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இல்லாத ஒன்றுதான் உங்களுக்கு முதல் இடம் என்றால் அதை எங்கே எழுதுவது?

கோர்ஸ்களில் காட்டுகிற நான்கு வட்ட 'இகிகாய்' (வாழ்வதற்கான காரணம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்) படத்தோடு ஒப்பிட்டுச் சிலர் கேட்கிறார்கள். அந்தப் படம் பழைய ஜப்பானிய ஞானம் ஒன்றும் இல்லை, ஸ்பானிய ஜோதிடர் ஆந்த்ரேஸ் சுசுனாகாவின் ஒரு படத்தின் நடுவில் 2014இல் மார்க் வின் என்பவர் அந்தச் சொல்லைப் போட்டு வலைப்பதிவில் வெளியிட்டது. பிடித்தது, திறமை, வருமானம், உலகத்தின் தேவை நான்கும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும் என்று அது கேட்கிறது. சந்திக்காதவர்கள், அதாவது முக்கால்வாசிப் பேர், தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

சரி, சீட்டுக்கட்டில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நாளைக்குக் காலையில் என்ன செய்வது என்று அது சொல்லாது. 'குடும்பம்' முதலிடத்தில் வந்தால் வேலையை விடுவதா, வேலை நேரத்தைக் குறைப்பதா, வெறுமனே போனைத் தள்ளி வைப்பதா? அதற்கு நீங்கள்தான் போன மாதத்து காலண்டரையும் வங்கிக் கணக்கையும் அந்த ஐந்து சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அது கொஞ்சம் சங்கடமான வேலை. அப்புறம் அன்றைய மனநிலை நன்றாகவே குறுக்கிடும். மேலதிகாரியோடு சண்டை போட்ட அன்று செய்தால் 'சுதந்திரம்' தானாக மேலே ஏறிவிடும். முடிவை ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, சில வாரம் கழித்து அதைப் பார்க்காமல் மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் நிற்பதை மட்டும் நம்பலாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், இலவசப் பதிப்புக்கு. பெட்டிப் பதிப்புக்கு இரண்டு, அதுவும் அட்டைக்காக. ஒருவேளை எந்தச் சீட்டை எடுத்தாலும் 'முக்கியமில்லை' பக்கமே போகிறது, முன்பு பிடித்ததெல்லாம்கூட இப்போது பிடிக்கவில்லை, அதுவும் வாரக்கணக்கில் என்றால், கட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம், சீட்டுப் பிரித்துத் தீர்கிற விஷயம் இல்லை.