38,500 ரூபா வாங்கிவிட்டு "எல்லாம் பேசும்" என்றார்கள். பேசவில்லை.

திருகோணமலையில் பார்வையற்றவர்களும், அவர்களுக்காகக் கணினி வாங்கப் போகிறவர்களும் தயவுசெய்து இதை வாசியுங்கள். 38,500 ரூபா போய்விட்டது. நகரில் ஒரு கணினிக் கடை, பெயர் எழுதவில்லை. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான், பதிவு செய்த ஒலியை வெட்டி ஒட்டும் ஒலித்தொகுப்பு மென்பொருள், மூன்று நாள் பயிற்சி என்று சேர்த்து வாங்கிய காசு.

நம்பியது ஒரு நிமிடத்தில். கடைக்காரர் விண்டோஸ் விசையை அழுத்தினார். ஸ்டார்ட் மெனுவைத் தமிழ்க் குரல் வாசித்தது. அம்புக்குறி விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு பெயராகச் சொன்னது. "பாத்தீங்களா அண்ணா, எல்லாம் பேசும்." காசை எண்ணிக் கொடுத்தாயிற்று. திரைவாசிப்பான் வாசித்துக் காட்டியது விண்டோஸின் மெனுவை மட்டும்தான். தொகுப்பு மென்பொருளை அவர் திறந்தே காட்டவில்லை.

வீட்டில் திறந்தால் ஜன்னலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மௌனம். டேப் (Tab) விசையை அழுத்தினாலும் எங்கும் நகரவில்லை. காரணம் எளிது. திரைவாசிப்பான் திரையில் தெரியும் படத்தைப் பார்த்து வாசிப்பதில்லை. மென்பொருள் விண்டோஸிடம் கொடுக்கும் பொத்தான் பெயர்களைத்தான் வாசிக்கும். இந்த மென்பொருள் பொத்தான்களைத் தானே படமாக வரைகிறது, பெயர் எதுவும் கொடுப்பதில்லை. மவுஸ் பிடிப்பவருக்கு மட்டும் ஆனது அது. எந்த அப்டேட்டும் இதை ஒரு கிழமையில் திருத்தாது.

பதிவு செய்யும் அமைப்பும் பிழை. ஒலி எங்கிருந்து பதிவாக வேண்டும் என்ற இடத்தில் மைக்கைத் தெரிவு செய்யாமல் 'ஸ்டீரியோ மிக்ஸ்' வைத்திருந்தார்கள். அது கணினியில் ஒலிக்கும் எல்லாவற்றையும் பிடிக்கும், ஆகவே பதிவு முழுக்கத் திரைவாசிப்பானின் குரல். விசை அழுத்தும் ஒவ்வொரு தடவையும்!

முதல் நாள் போனில், "அப்டேட் வந்தா சரியாகும் அண்ணா." அடுத்த நாள், "வீட்டில கண் தெரிஞ்ச யாராவது மவுஸ் பிடிச்சா முடிஞ்சுது." அந்த வேலையைத் தனியாகச் செய்யத்தானே 38,500 ரூபா? நேரில் போனபோது, "மென்பொருளுக்குக் காசு திருப்பித் தாறதில்லை." பயிற்சி ஆசிரியர் இன்னும் வரவில்லை.

கோபம் கூடியது பிறகுதான். திரைவாசிப்பான் என்று பில்லில் போட்டது என்விடிஏ. அது இலவசம், திறந்த மூலம், 2006இல் தொடங்கிய திட்டம். கடையில் கேட்ட தமிழ்க் குரலான ஈஸ்பீக் அதோடு சேர்ந்தே வருகிறது. விசைப்பலகையால் தொகுக்க ஒடாசிட்டி இருக்கிறது, அதுவும் இலவசம். அதன் மூன்றாம் பதிப்பில் இப்படி வெட்டலாம்: பதிவை ஓடவிட்டுக் கேட்கும்போதே வேண்டாத பகுதி தொடங்கும் இடத்தில் [ விசை, முடியும் இடத்தில் ] விசை. பிறகு ஸ்பேஸ் அழுத்தி நிறுத்தி, C விசை. வெட்டினால் எப்படி ஒலிக்கும் என்று வெட்டாமலே கேட்கலாம், முன்னால் 2 விநாடி, பின்னால் 1 விநாடி. இது கண் இல்லாமல் வேலை செய்கிறவருக்குப் பெரிய வரம். சரியென்றால் Z, பிறகு டிலீட். Z ஐ விட்டுவிட்டால் அலை பூச்சியத்தைத் தொடாத இடத்தில் வெட்டு விழுந்து 'டிக்' என்று கேட்கலாம். பல ஒலித் தடங்களைச் சேர்த்துத் தொகுக்க வேண்டுமென்றால் ரீப்பர் என்ற மென்பொருள், அதோடு அதைத் திரைவாசிப்பானால் வாசிக்க வைக்கும் ஒசாரா என்ற இலவச இணைப்பு. ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

இதற்குத்தான் 38,500 ரூபா வாங்கினார்கள்.

அவசரமாகச் சில. காசு கொடுக்க முன் கடையிலேயே தொகுப்பு மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். மவுஸைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பதிவு செய்து, ஒரு சொல்லை வெட்டி, எம்பி3ஆகச் சேமிக்கும் வரை நீங்களே விசையால் செய்து பாருங்கள். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுத வையுங்கள். ஹெட்போன் போட்டே பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் திரைவாசிப்பானின் குரல் மைக்கிலும் விழும்.

நாளைக்கு பில்லோடு திரும்பவும் அந்தக் கடைக்குப் போகிறேன்.