விட்ட யோகாவைத் திரும்பத் தொடங்க ‘யோகா செட்’ வாங்கலாமா?

ஆன்லைனிலும் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் ‘யோகா செட்’ என்று ஒரே பையில் போட்டு விற்கிறார்கள். உள்ளே ஒரு மேட், ஃபோம் கட்டை இரண்டு, ஒரு பட்டை, சில செட்டுகளில் முழங்காலுக்கு ஒரு சின்ன பேட். இரண்டு மூன்று வருடம் பயிற்சியை விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறவர்களின் கை முதலில் போவது இதன் மேல்தான். புதிதாகக் கற்பவருக்கு இது எப்படி என்பது வேறு விஷயம். இங்கே பார்ப்பது, ஒரு காலத்தில் நன்றாகச் செய்து, நடுவில் நின்றுபோனவருக்கு இது உதவுமா என்பதை.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஆசனம் மனதில் அப்படியே இருக்கும். தசையும் மூச்சும்கூடச் சில வாரங்களில் வழிக்கு வந்துவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு வேகமாக வராது. ‘அன்றைக்குக் கால் விரலைத் தொட்டேனே’ என்று முதல் வாரமே, கால் நீட்டி உட்கார்ந்து முன்குனியும் பச்சிமோத்தானாசனத்தில் இழுப்பார். பின்தொடைத் தசை இறுகிக் கிடப்பதால் இடுப்பு எலும்பு முன்னால் சாயாது. வளைவது கீழ்முதுகுதான். பாரமெல்லாம் டிஸ்க்கின் மேல் இறங்கும். டிஸ்க் தப்பினாலும், பின்தொடைத் தசை உட்காரும் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் ஒரு வலி பிடித்துக்கொள்ளும். அது மாதக்கணக்கில் போகாது.

ஆகவே இவருக்கு வேண்டியது தரையை மேலே தூக்கித் தரும் சாமான். கை தரைக்கு எட்டவில்லையா, கட்டை அங்கே வந்து நிற்க வேண்டும். இடுப்பு சாயவில்லையா, உட்காரும் இடம் உயர வேண்டும். மெத்தென்று இருப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், செட்டில் பாதி தேறும், பாதி தேறாது.

மேட்டிலிருந்து தொடங்கலாம். டப்பாவின் மேல் தடிமனைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள்: 6 மி.மீ., 8, 10, சிலவற்றில் 15. முட்டி வலிக்கும் என்று பயந்து தடிமனானதையே எடுப்போம். அது தப்பு. 10 மி.மீ.க்கு மேல் வருபவை பெரும்பாலும் என்பிஆர் என்னும் மெத்து நுரை. படுத்துச் செய்யும் பயிற்சிக்கு அது சரி, நின்று செய்வதற்கு ஆகாது. ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் ஊன்றிய பாதம் அமிழ்ந்து கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கும். கையும் காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கும் அதோமுக சுவானாசனத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதி புதைந்து, மணிக்கட்டு வழக்கத்தைவிட அதிகமாகப் பின்னுக்கு மடியும். மூன்றே நாளில் மணிக்கட்டு வலிக்கிறது என்று மறுபடி நிறுத்திவிடுகிறவர்கள் பலருக்குக் குற்றவாளி அந்த மெத்து மேட்தான்.

4 முதல் 6 மி.மீ. வரை, கெட்டியான மேட் போதும். முட்டிக்கு மட்டும் மடித்த போர்வையை வையுங்கள். கடையில் சோதிப்பது எளிது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் சட்டென்று மறைய வேண்டும். தரையில் விரித்து உள்ளங்கையை ஊன்றி முன்னால் தள்ளினால் கையும் வழுக்கக் கூடாது, மேட்டும் நகரக் கூடாது. நீளம் 173, 183 செ.மீ. என்று இரண்டு அளவில் கிடைக்கும். ஐந்தேமுக்கால் அடிக்கு அருகில் உயரமுள்ளவர் 183 எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் சவாசனத்தில் குதிகால் தரையில் கிடக்கும்.

பிவிசி மேட் கனமாக இருக்கும், நாள்பட உழைக்கும். டிபிஇ என்னும் நுரை மேட் லேசு, ஆனால் தழும்பு விழும். இயற்கை ரப்பருக்குப் பிடிப்பு எல்லாவற்றையும் விட மேல். ஆனால் வாடை சில வாரம் இருக்கும், வெயிலில் காய வைத்தால் வெடித்துவிடும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. புது மேட் எதுவானாலும் மேலே ஒரு வழுக்கல் பூச்சு இருக்கக்கூடும். ஈரத் துணியில் இரண்டு சொட்டு மிதமான சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து, நிழலில் காய வைத்த பிறகு பயன்படுத்துங்கள். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் கை வியர்த்து வழுக்கும். அதற்கு மேட்டின் மேல் மெல்லிய ஜமுக்காளமோ பருத்தித் துண்டோ விரிக்கலாம். ஜமுக்காளத்தை நேரடியாக டைல்ஸ் மேல் போட்டு நின்று செய்யாதீர்கள், அப்படியே சறுக்கிக்கொண்டு போகும். கோரைப் பாயும் அப்படித்தான்.

செட்டில் உண்மையிலேயே காசுக்கு மதிப்பானவை கட்டைகள்தான், அளவு சரியாக இருந்தால். வழக்கமான அளவு 9×6×4 அங்குலம். செட்டுகளில் வருபவை பல நேரம் 3 அங்குலத் தடிமன்தான். திரும்ப வருகிறவருக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய விஷயம். 4 அங்குலக் கட்டையைப் படுக்க வைத்தால் 10, பக்கவாட்டில் நிறுத்தினால் 15, நெட்டுக்குத்தாக நிறுத்தினால் 23 செ.மீ. என்று மூன்று உயரம் கிடைக்கும். காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் முதல் வாரம் நெட்டுக்குத்து, அடுத்தடுத்து இறக்கிக்கொண்டே வாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தில் படுக்க வைத்த கட்டை இடுப்புக்குப் பின்னால் உள்ள தட்டையான எலும்பின் கீழ் இருக்க வேண்டும். கீழ்முதுகின் குழிவில் வைத்தால் உதவி உபத்திரவமாகும். முட்டியை மடக்கி உட்காரும் வீராசனத்தில் பாதங்களுக்கு நடுவே கட்டையைப் போட்டு அதன் மேல் உட்காருங்கள். அப்போதும் முட்டிக்குள் வலித்தால், வீராசனம் இப்போதைக்கு வேண்டாம்.

ஃபோமா, கார்க்கா என்றால், கார்க் கனம், விலையும் கூடுதல், ஆனால் அசையாது. ஃபோம் வாங்கினால் கெட்டியானதாகப் பாருங்கள். ஒரே கட்டை மட்டும் வாங்காதீர்கள். நின்று முன்குனியும் உத்தானாசனத்தில் இரண்டு கைக்கும் ஒரே உயரம் வேண்டும்.

பட்டைக்காகச் செட் வாங்கத் தேவையில்லை. 6 அடிப் பட்டை வளையமாகப் போட்டுச் செய்யும்போது உயரமானவர்களுக்குப் போதாது, 8 அடி வேண்டும். பிளாஸ்டிக் கொக்கி இழுவையில் நழுவும், உலோக வளையம்தான் நிற்கும். ஆனால் நீளவாக்கில் மடித்த பழைய வேட்டி இதே வேலையைச் செய்யும். பச்சிமோத்தானாசனத்துக்கு 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு மடித்த போர்வையின் விளிம்பில் உட்கார்ந்து, முட்டியை லேசாக மடக்கி, பாதத்தில் வேட்டியைச் சுற்றிப் பிடியுங்கள். பிடிப்பதோடு சரி, இழுக்கக் கூடாது. முதுகு நேராக இருக்கும் இடத்தில் நின்றுவிட்டு 5 மூச்சு விட்டால் போதும். முழங்கால் பேட், போர்வை இருக்கிற வீட்டில் வீண் செலவு.

செட்டில் இல்லாததுதான் மிக முக்கியம்: நாற்காலி. யோகாவில் நாற்காலி, கட்டை, பட்டை, கயிறு இவற்றையெல்லாம் முறையாகக் கொண்டுவந்தவர் யோகாசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014). புனேயில் 1975-இல் திறந்த அவருடைய நிலையத்தின் வழியாக இவை உலகமெங்கும் போயின. உடம்பு ஒத்துழைக்காதவருக்கும் ஆசனத்தின் பலன் கிடைக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. மடக்கும் இரும்பு நாற்காலி ஒன்று, கால்களில் ரப்பர் புஷ் போட்டது, சுவரோடு ஒட்டி மேட்டின் மேல் வைத்தது, அவ்வளவுதான் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. அதன் கால்கள் பாரத்தில் விரிந்து வழுக்கும். சுவானாசனத்துக்குக் கையை நாற்காலியின் இருக்கையில் ஊன்றினால் மணிக்கட்டில் விழும் பாரம் நன்றாகக் குறையும். முறுக்காசனத்தை நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, நாற்காலியின் முதுகுப் பகுதியைப் பிடித்துச் செய்தால் இடுப்பு நழுவாமல் இருக்கும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 20 நிமிடம், இந்த அளவிலேயே ஓட்டலாம்.

போல்ஸ்டர் என்னும் நீளத் திண்டு இருந்தால் நல்லது. செயற்கைப் பஞ்சு அடைத்தது சீக்கிரம் அமுங்கிவிடும். பருத்தியோ இலவம் பஞ்சோ இறுக அடைத்த திண்டு நிற்கும். விபரீத கரணியில் இடுப்புக்குக் கீழே இதை வைத்துக் கால்களைச் சுவரில் சாய்ப்பது, தோள் மேல் நிற்கும் சர்வாங்காசனத்துக்கு முதல் மாத மாற்று. பிறகு சர்வாங்காசனத்துக்கு வரும்போது மூன்று நான்கு போர்வையை அடுக்கி, தோள் மேலேயும் தலை கீழே தரையிலுமாக வைத்தால்தான் கழுத்து தப்பும். கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்) முன்குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். சிசேரியனோ வேறு அறுவையோ நடந்து அதனால் விட்டுப்போனவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மேட்டையே விரிக்க வேண்டும். எந்தச் சாமானும் அதற்கு ஈடாகாது.

செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையில் பரவலாக இருக்கும் வலி இயல்பு. மூட்டுக்குள் குத்துவதும், கை கால் மரத்துப்போவதும் அப்படியல்ல. அன்றோடு நிறுத்திவிட வேண்டிய அடையாளம் அது.

எங்கள் தேர்வு: செட்டாக வாங்க வேண்டாம். கெட்டியான 4–6 மி.மீ. மேட் ஒன்று, 4 அங்குலக் கட்டை இரண்டு தனியாக வாங்குங்கள். போர்வை, வேட்டி, இரும்பு நாற்காலி வீட்டிலேயே இருக்கும். ஏற்கெனவே செட் ஆர்டர் செய்துவிட்டவர்கள், பிரித்த அன்றே கட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஓர் உள்ளங்கையை ஊன்றி மெல்ல மெல்ல உடல் பாரத்தை அதில் இறக்கிப் பாருங்கள். சாய்ந்தாலோ நசுங்கினாலோ, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.