லடாக்கில் தனிநடை: உயரநோய்க்காக நான் சுமந்தவை, ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2017 முதல் 2024 வரை நான்கு முறை லடாக்கிற்குத் தனியாகப் போய் நடந்திருக்கிறேன். வழிகாட்டி, குதிரை, உடன் வரும் நண்பர் என்று யாரும் கிடையாது. முதுகுப்பையும் ஊர்களில் உள்ள ஹோம்ஸ்டேக்களும்தான் துணை. இந்த நான்கு பயணங்களில் உயரநோய் (உயரத்தில் காற்று மெலிந்து உடம்புக்கு ஆக்சிஜன் குறைவதால் வருவது) ஏதாவதொரு அளவில் எட்டிப் பார்க்காத பயணம் ஒன்றுகூட இல்லை. அதைச் சமாளிப்பதற்காக நான் வாங்கிச் சுமந்த பொருட்களில் எது உழைத்தது, எது பையில் வெறுமனே கிடந்தது என்பதையே இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மாத்திரையைப் பற்றிச் சொல்லும் இடங்களை என் உடம்பின் அனுபவமாக மட்டும் கொண்டு, அளவையும் தகுதியையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்தில் பையில் எதுவுமே இல்லை, தலைவலி மாத்திரை நான்கைத் தவிர. மணாலியிலிருந்து ஷேர் ஜீப்பில் கிளம்பி, அன்றிரவே சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கினேன். மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர், சர்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டர். ஒரே பகலில் இவ்வளவு ஏறிப் படுத்தால் என்ன ஆகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய தலைவலி விடியும்வரை விண்விண்ணென்று தெறித்தது. குடித்த வெந்நீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. சர்ச்சுவின் உண்மையான ஆபத்து அதன் உயரம் மட்டுமன்று, அதன் இருப்பிடமும்தான். பின்னால் பாராலாச்சா கணவாய், முன்னால் நக்கீ கணவாய், இரண்டுமே சர்ச்சுவைவிட உயரமானவை. உயரநோய்க்கு உறுதியான ஒரே மருந்து கீழே இறங்குவது; அங்கே எந்தப் பக்கம் போனாலும் இறங்குவதற்கு முன் ஏறியாக வேண்டும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பல ஆண்டுகள் மலையேறிய தெம்பில் போயிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். உயரநோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவது ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் என்பதால், நம் மலைகளில் நடந்து காலுக்கு வலு சேர்க்கலாமே தவிர, இரத்தத்திற்கு எந்தப் பழக்கமும் ஏற்படாது. உடல்வலுவும் இதில் காப்பு அன்று. 1962 போரையொட்டி இமயமலை எல்லைக்கு விரைவாக ஏற்றப்பட்ட இந்தியப் படைவீரர்களில் 1,925 பேருக்கு வந்த உயரநோயைப் பற்றி இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1969இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. அவர்கள் எல்லாரும் கட்டுடல் கொண்ட இளைஞர்கள்.

ஆகவே நான் முதலில் பரிந்துரைப்பது கடையில் கிடைக்காத ஒன்று: வழித்தேர்வு. 2019இல் ஸ்ரீநகர் வழியாகப் போனேன். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் சுமார் 2,700, லடாக்கின் முதன்மை நகரான லே சுமார் 3,500. வழியில் ஜோஜி கணவாயையும் அதைவிட உயரமான ஃபோட்டு கணவாயையும் கடந்தாலும், படுத்துத் தூங்கும் உயரம் படிப்படியாகவே கூடுகிறது. கார்கிலில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன். லேயில் இறங்கியபோது இலேசான தலைப்பாரம் இருந்தது, அவ்வளவுதான். 2022இல் விடுப்பு குறைவு என்பதால் டெல்லியிலிருந்து விமானத்தில் போய், முதல் மூன்று நாட்களை லேயில் அறைக்குள்ளும் மாடியிலுமாகக் கழித்தேன். விமானத்தில் மிச்சமாகும் நாட்களை லேயில் படுத்துக் கழித்தாக வேண்டும் என்பதால், இலாபம் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

இனி மாத்திரை. அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்டால் புரியும். மருத்துவர் சொன்னபடி 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுத்துக்கொண்டேன். இது தலைவலியை மறைக்கும் மாத்திரை அன்று. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும்படி செய்து இரத்தத்தைச் சற்றே அமிலமாக்குகிறது. அதனால் மூச்சு தானாகவே கூடுகிறது. உடம்பு சில நாட்களில் மெதுவாகச் செய்துகொள்ளும் வேலையை இது விரைவுபடுத்துகிறது. எனக்குப் பெரிய ஆதாயம் இரவில்தான். மாத்திரை இல்லாத பயணங்களில், கண்ணயரும் நேரத்தில் மூச்சு வேகமெடுத்து, பின் சில நொடிகள் முற்றிலும் நின்று, திடுக்கிட்டு எழுவேன். உயரத்தில் இது பலருக்கும் வருவதுதான் என்றாலும், தனியாகப் படுத்திருப்பவனுக்குக் கிலி பிடிக்கும். மாத்திரை எடுத்த இரவுகளில் இது வெகுவாகக் குறைந்தது.

தொல்லைகளும் உண்டு. விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் எறும்பு ஊர்வதுபோல் ஓர் உணர்வு நாள் முழுவதும் இருந்தது. சிறுநீர் அடிக்கடி வந்தது; இரவு இரண்டு மணிக்கு ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து வெளியே வருவது எவ்வளவு கொடுமை என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. லே கடைத்தெருவில் ஆசையாக வாங்கிய சோடா, காற்றுப் போன தண்ணீர்போல் சப்பென்று இருக்கவே கடைக்காரரிடம் பழைய சரக்கா என்று கேட்டுவிட்டேன். நாக்கில் அந்தக் குமிழிகளின் உறைப்பை உணரவைக்கும் நொதியையே இந்த மாத்திரை தடுக்கிறது என்று பிறகு படித்து, மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் இதை எடுக்கும் முன் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும்.

விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பற்றி என் கருத்து ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. 2019இல் அதை வாங்கியபோது அரைமணிக்கு ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். எண் இறங்கினால் மனமும் இறங்கியது. 2022இல் மார்க்கா பள்ளத்தாக்கின் ஹங்கர் என்ற ஊரில் ஒரு மாலை அது 71 என்று காட்டியது. பதறிப்போய், பின் யோசித்து, கையை அக்குளுக்குள் பத்து நிமிடம் வைத்துச் சூடேற்றிவிட்டு மாட்டினேன்: 85. விரல் குளிர்ந்து இரத்த ஓட்டம் சுருங்கினால் கருவி கண்டபடி உளறும். அதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கருமையான தோலில் இவ்வகைக் கருவிகள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020க்குப் பின் பரவலாகப் பேசப்பட்டது. என் நிறத்திற்கு அது பொருட்படுத்த வேண்டிய செய்தி. எல்லாவற்றுக்கும் மேலாக, 88 காட்டும்போது வாந்தி எடுத்திருக்கிறேன். 82 காட்டும்போது பசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். இப்போதும் எடுத்துப் போகிறேன், ஆனால் காலையில் எழுந்ததும் உட்கார்ந்தபடி ஒருமுறை மட்டும்.

லேயில் தெருவுக்குத் தெரு விற்கும் ஆக்சிஜன் கேன் வேண்டாம். ஒன்று வாங்கிப் பார்த்தேன். சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது, தீர்ந்ததும் தலைவலி பழையபடி. வெறும் கேனை மட்டும் ஐந்து நாள் சுமந்தேன்.

நான் சுமந்தவற்றில் மிக மலிவானதும் மிகுதியாக உழைத்ததும் ஒரு கட்டம் போட்ட நோட்டு. லேக் லூயிஸ் மதிப்பெண் என்று ஒரு முறை உண்டு. ஆராய்ச்சிக்காக உருவானது, 2018இல் திருத்தப்பட்டது. தலைவலி, வயிற்றுக் கோளாறு, களைப்பு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். தலைவலி இருந்து, கூட்டுத்தொகை மூன்றைத் தொட்டால் அது உயரநோய். பை சுமந்து ஏறுகிறவனுக்குக் களைப்பில் ஒரு மதிப்பெண் இலவசமாகவே வந்துவிடும் என்பது இம்முறையில் நான் காணும் குறை. இருந்தும் காலை, மாலை இரண்டு வேளையும் எழுதி வந்தேன். தனியாகப் போகிறவனின் சிக்கல் என்னவென்றால், இறங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய மூளைதான் முதலில் மந்தமாகிறது. கூட ஆள் இருந்தால் நம் பேச்சு குழறுவதையோ நடை தள்ளாடுவதையோ அவர் பார்த்துச் சொல்வார். எனவே நோட்டின் அட்டையில், லேயில் தெளிவாக இருந்தபோதே எழுதிவைத்தேன்: மாலை எண் காலை எண்ணைவிட இரண்டு கூடினால், காரணம் தேடாமல், முந்தைய இரவு தூங்கிய இடத்துக்கு இறங்க வேண்டும்.

அந்த வரி 2022 ஆகஸ்டில் மார்க்கா பள்ளத்தாக்கில் வேலை செய்தது. சில்லிங்கிலிருந்து ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் வரை ஏற்றம் பொறுமையானது. ஊருக்கு ஊர் ஹோம்ஸ்டே. ஹங்கர் ஏறத்தாழ 4,000 மீட்டர். அடுத்த தங்கல் நிமாலிங், ஏறத்தாழ 4,800. மூவாயிரம் மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்ற பொதுவான நெறியை இந்த ஒரு நாள் உடைக்கிறது. தெரிந்தேதான் போனேன். பகல் மூன்று மணிக்கு நிமாலிங் கூடாரத்தை அடைந்தபோது காங் யாட்சே சிகரம் அப்பழுக்கின்றி நின்றது. எனக்கோ ஷூ கயிற்றை அவிழ்க்கப் பொறுமை இல்லை. காலையில் ஒன்று இருந்த எண் நான்கு மணிக்கு நான்காகிவிட்டது. உடனே மனம் வழக்காடத் தொடங்கியது: வெயில் அதிகம், தண்ணீர் குறைவாகக் குடித்தாய், ஒரு மணி நேரம் படுத்தால் சரியாகிவிடும், நாளை கணவாயைக் கடந்தால் பயணமே முடிந்தது. ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நோட்டின் அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ட்ரெக்கிங் குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நடந்து பார்த்தேன், தடுமாற்றம் இல்லை. தடுமாறியிருந்தால் மூளை வீங்குகிறது என்று பொருள். அந்நிலையில் தனியாக ஓர் அடிகூட நடக்கக் கூடாது, பிறர்தான் கீழே கொண்டுவர வேண்டும். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்குவதும் இருமலும் அதே அளவு அவசரமான அறிகுறிகள், அவை நுரையீரலில் நீர் கோப்பதைக் காட்டுபவை.

ஹங்கருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குதிரைக்காரரோடு நாலரை மணிக்கு இறங்கினேன். இருட்டும் நேரத்தில் கதவைத் தட்டியபோது, முந்தைய இரவு சோறு போட்ட அமா-லே (வீட்டு அம்மாவை அங்கே மரியாதையாக அழைப்பது இப்படித்தான்) என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜூலே" என்று லடாக்கி வணக்கம் மட்டும் சொல்லி அடுப்புப் பக்கம் இடம் காட்டினார். எண் இரவு ஒன்பதுக்கு இரண்டு, விடியலில் பூச்சியம்.

அன்று கற்ற இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கே தங்கினாலும் வீட்டுக்காரரிடம் என் நோட்டைக் காட்டி, இரவு படுக்கும் முன் ஒருமுறையும் காலை ஐந்து மணிக்கு ஒருமுறையும் என்னைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் இதை விசித்திரமாக எடுத்துக்கொள்வதே இல்லை. பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் தொலைபேசித் தொடர்பு கிடையாது. நான் போன ஆண்டுகளில் வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யவில்லை. சாட்டிலைட் போனும் அதையொத்த செய்திக் கருவிகளும் அனுமதியின்றி வைத்திருந்தால் இந்தியாவில் சட்டப்படி குற்றம். வெளிநாட்டவர் எழுதும் பொருட்பட்டியலைப் பார்த்து அவற்றை வாங்கிவிட வேண்டாம்.

2024இல் அதே வழியில் மீண்டும் போனேன், இம்முறை ஒன்றரைக் கிலோ கூடாரத்தோடு. எல்லா ஊரிலும் வீடு இருக்கும்போது கூடாரம் எதற்கு என்று லேயில் பலர் கேட்டார்கள். ஹங்கருக்கும் நிமாலிங்குக்கும் நடுவில், ஏறத்தாழ 4,250 மீட்டரில், தச்சுங்சே என்ற புல்வெளி இருக்கிறது. ஓடையருகே முகாமிடலாம், வீடு இல்லை. அந்த ஓர் இடத்தில் இரண்டு இரவு தங்குவதற்காகவே முழுப் பயணத்திலும் அதைச் சுமந்தேன். இரண்டாம் நாள் பகலில் பையை விட்டுவிட்டு மேலே இருநூறு மீட்டர் ஏறி இறங்கினேன், மீதி நேரம் சும்மா கிடந்தேன். நிமாலிங்கில் அந்த மாலை எண் இரண்டு. காலை எண்ணும் இரண்டுதான். மறுநாள் 5,200 மீட்டரை ஒட்டிய கோங்மாரு கணவாயை ஒன்பது மணிக்குக் கடந்து ஷாங் சும்தோ பக்கம் இறங்கிவிட்டேன். கூடாரம் நான்கு ஆண்டுப் பழையது, மூலையில் ஒரு கம்பி வளைந்திருக்கிறது; அடுத்த பயணத்துக்கு முன் அதை மட்டும் மாற்ற வேண்டும்.