பறக்கும் பறவைக்குச் சிவப்புக் குறி: ஒலிம்பஸ் ஈஈ-1 டொட் சைட்

முழுச்சட்டக் கமராவில் 600 மில்லிமீற்றர் லென்ஸைப் பூட்டி 30 மீற்றர் தொலைவைப் பார்த்தால், படத்துக்குள் அடங்கும் காட்சி ஏறத்தாழ 1.8 மீற்றர் அகலமும் 1.2 மீற்றர் உயரமும் மட்டுமே. கிளையில் அமர்ந்திருக்கும் மீன்கொத்திக்கு அது தாராளமாகப் போதும். கொழும்பை அடுத்த தலங்கம குளத்தின் மேல் நொடிக்கு நொடி திசைமாறிப் பறந்து, திடீரெனத் தாழ்ந்து நீரை நோக்கிப் பாயும் மீசை ஆலாவுக்கு அது போதாது. அத்தனை சிறிய சட்டத்துக்குள் அந்தப் பறவையைத் தேடுவது ஊசிக்கண் வழியே வானத்தைத் துழாவுவது போன்றது. கமராவைத் தாழ்த்தி, வெறுங்கண்ணால் பறவையைக் கண்டுபிடித்து, மறுபடி உயர்த்துவதற்குள் அது மறுகரையை எட்டிவிடுகிறது. கமராவின் மேல் பூட்டும் ஒலிம்பஸ் ஈஈ-1 குறிகாட்டி தீர்க்க முயல்வது இந்தச் சிக்கலைத்தான்.

மேற்கு நாடுகளில் சன்னங்களைச் சிதறவிடும் ஷொட்கன் துப்பாக்கி கொண்டு பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் இதற்கு நெருங்கிய ஒரு சிக்கலை எதிர்கொண்டு, அதற்கான விடைகளில் ஒன்றாக றெட் டொட் எனப்படும் குறிபார்க்கும் கருவியைத் துப்பாக்கியில் பூட்டிக்கொள்கிறார்கள். குழாயின் நுனியில் உள்ள சிறு மணியை வைத்துக் குறிபார்க்கும்போது கன்னம் பிடங்கில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படிய வேண்டும். கண் சற்று விலகினாலும் குறி தவறும். றெட் டொட்டில் அந்தக் கட்டாயம் பெருமளவு தளர்கிறது. வளைந்த கண்ணாடி ஒன்றின் குவியத்தில் வைக்கப்பட்ட சிறு சிவப்பு விளக்கின் ஒளி, அந்தக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து இணைகதிர்களாகக் கண்ணை வந்தடைவதால், அந்தப் புள்ளி எட்டாத் தொலைவில் மிதப்பதாகவே தோன்றுகிறது. கண் சற்று இடம் மாறினாலும் புள்ளி இலக்கை விட்டு விலகுவதில்லை. உருப்பெருக்கம் கிடையாது என்பதால் இரு கண்களையும் திறந்தபடியே பார்க்கலாம். இந்த ஒளியியல் உத்தி அயர்லாந்தின் தொலைநோக்கி வல்லுநர் ஹவர்ட் கிரப் 1900இல் காப்புரிமை பெற்றது. 1970களில் சுவீடனின் ஏய்ம்பொயின்ட் நிறுவனம் அதனை மின்விளக்கோடு வேட்டைக்காரர்களின் கைக்குக் கொண்டுவந்தது.

நம் இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளைப் பாதுகாக்கிறது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற கொழும்பில் இந்தக் கருவிக்குரிய இடம் கமராவின் தலைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒலிம்பஸ் நிறுவனம் 2014இல் தனது எஸ்பி-100ஈஈ கமராவுக்குள்ளேயே இதனைப் பொதித்து வெளியிட்டது. மறு ஆண்டில் வந்த ஈஈ-1 தனிக் கருவி. பிளாஷ் பூட்டும் ஹொட் ஷூவில் இதனைச் செருகலாம் என்பதால், ஒலிம்பஸ் கமரா வைத்திருப்பவர்கள் மட்டுமல்லாது பிறரும் பயன்படுத்த முடிகிறது. மூடியிருக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். திறந்தால் கண்ணாடி எழுந்து நிற்கும். சிவப்புக் குறியின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும், அதனை மேல்-கீழாகவும் இட-வலமாகவும் நகர்த்தவும் திருகுகள் உள்ளன. சிஆர்2032 நாணயப் பற்றரியில் இயங்குகிறது. கைக்கடிகாரம் திருத்தும் கடைகளிலும் கிடைக்கும் பற்றரி அது.

இந்தக் கருவியின் பயன் முழுவதும் அதனை எந்தத் தூரத்துக்குச் சரிசெய்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. முக்காலியில் கமராவை நிறுத்தி, தொலைவில் உள்ள கம்பம் ஒன்றின் உச்சியை வியூபைண்டரின் நடுப்புள்ளியில் வைத்து, கமரா அசையாதபடி திருகுகளைத் திருப்பிச் சிவப்புக் குறியை அதே உச்சியில் நிறுத்த வேண்டும். குறிகாட்டி லென்ஸின் நடு அச்சுக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மேலே இருப்பதால், இரண்டு பார்வைக் கோடுகளும் நாம் சரிசெய்த தூரத்தில் மட்டுமே ஒன்றையொன்று சந்திக்கின்றன. 30 மீற்றருக்குச் சரிசெய்துவிட்டு 5 மீற்றரில் உள்ள பறவையைப் பிடித்தால் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் பிசகும். அந்தத் தூரத்தில் 600 மில்லிமீற்றர் லென்ஸின் சட்ட உயரமே 20 சென்ரிமீற்றர் என்பதால், பறவை சட்டத்தின் ஓரத்தில் தொங்கும் அல்லது பாதி வெட்டுப்படும். அதே கருவியில் 100 மீற்றருக்கு அப்பால் வட்டமிடும் செம்பருந்தைப் பார்த்தால் பிசகு 23 சென்ரிமீற்றர். அங்கே சட்டத்தின் உயரம் 4 மீற்றர் என்பதால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே, நீங்கள் வழமையாகப் படமெடுக்கும் தூரத்துக்கு, அல்லது அதைவிடச் சற்று அப்பாலுள்ள தூரத்துக்குச் சரிசெய்யுங்கள். எந்த ஹொட் ஷூவிலும் சிறு தளர்வு இருக்கும். கருவியைக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பத்தைப் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது.

களத்தில் இதன் அருமை ஆலாக்களிடம் தெரிகிறது. முகத்தைக் கமராவிலிருந்து சற்றுப் பின்னே வைத்து, இரு கண்களும் திறந்தபடி குளம் முழுவதையும் பார்க்கிறோம். அந்தப் பரந்த காட்சியின் நடுவே சிவப்புக் குறி மிதக்கிறது. ஆலா நீரை நோக்கிப் பாயும்போது குறியை அதன் மேல் வைத்துக் கையை உடன் நகர்த்தினால் போதும். ஷொட்கன்காரர் சன்னங்கள் போய்ச்சேரும் நேரத்தைக் கணக்கிட்டுப் பறவைக்கு முன்னே குறிவைக்க வேண்டியிருக்கிறது. நாமோ பறவையின் மேலேயே குறிவைக்கலாம். பக்கத்திலிருந்து இன்னொரு பறவை உள்ளே நுழைவதும் கண்ணில் படுகிறது. வியூபைண்டருக்குள் புதைந்த கண்ணுக்கு அது ஒருபோதும் தெரிவதில்லை. பறவையை இனங்காணும் ஒட்டோ ஃபோக்கஸ் வந்துவிட்ட பின் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டத்துக்குள் வந்த பறவையைத்தான் அந்தத் தொழில்நுட்பம் அடையாளம் காணும். சட்டத்துக்குள் கொண்டுவரும் வேலை நம் கையில்தான் இருக்கிறது.

இதற்குக் குறைகளும் உண்டு. படம் கூர்மையாக விழுகிறதா என்பதைச் சிவப்புக் குறி சொல்லாது. லென்ஸ் அண்மைத் தூரத்தில் நின்றுவிட்டால், குறி பறவையின் மேல் இருக்கும்போதே மங்கிய படங்கள் வரிசையாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். லென்ஸில் தூர எல்லை விசை இருந்தால், ஃபோக்கஸ் அண்மைத் தூரத்துக்குப் போகாதபடி அதனை வையுங்கள். தொடர் ஃபோக்கஸில், நடுவே ஒற்றைப் புள்ளியை விடுத்துச் சற்று அகன்ற பகுதியைத் தெரிவுசெய்யுங்கள். முகத்தில் ஊன்றாமல் பிடிப்பதால் கை விரைவில் களைத்துவிடும். பாரமான லென்ஸுக்கு ஒற்றைக்கால் தாங்கி வேண்டும். உச்சி வெயிலில் தியவன்னா ஓயாவின் நீர்ப்பரப்பு கண்ணைக் கூசவைக்கும்போது குறியின் வெளிச்சத்தைக் கூட்டவும், விடியலில் வெகுவாகக் குறைக்கவும் வேண்டும்; கூடுதலான வெளிச்சம் சிறிய பறவையையே மறைத்துவிடும். மழையில் கண்ணாடி மேல் விழும் ஒரு துளி கூடக் குறியைச் சிதறடிக்கும் என்பதால், மென்துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்ட மலிவான றெட் டொட்டை இணைப்புத் துண்டு ஒன்றின் உதவியால் கமராவில் பூட்டுவோரும் உண்டு. ஒளியியல் ஒன்றேயானாலும் அதனை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆயுத உதிரிப்பாகம் போலத் தோன்றும் பொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சுங்கத்தில் வீண் விசாரணைக்கு வழிவகுக்கலாம். பாராளுமன்றச் சுற்றாடல் போன்ற பாதுகாப்பு மிகுந்த இடங்களில் அதனை நீட்டிக்கொண்டு நிற்பதும் விவேகமன்று. மேலும், அவற்றின் திருகுகள் பல வேளைகளில் ஒரு கருவியைத் தேடிச் செருகித்தான் திரும்பும். ஈஈ-1இன் திருகுகளை விரலாலேயே திருப்பலாம்.

300 மில்லிமீற்றருக்குக் குறைந்த லென்ஸ் வைத்திருப்போருக்கு இது தேவையில்லை. வியூபைண்டரே போதிய அகலம் தரும். பெத்தகான ஈரநிலப் பூங்காவின் மரப்பாலத்தில் நின்று, தாமரை இலை மேல் நடக்கும் இலைக்கோழியைப் பொறுமையாகப் படமெடுப்பவர்களும் அந்தப் பணத்தை நல்ல முக்காலி ஒன்றுக்குச் செலவிடலாம். ஆலா, தகைவிலான், பஞ்சுருட்டான் என்று சிறகடிக்கும் பறவைகளின் பின்னால் 400 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட லென்ஸோடு அலைபவர்கள், வலசைப் பறவைகள் வந்துசேரும் ஒக்டோபருக்கு முன்பே இதனை வாங்கி, ஊர்க்காகங்களிடம் கையைப் பழக்கிக்கொள்ளட்டும்.