அக்டோபர் ஜோசியம்: பேஸ்பாலா, அமெரிக்கக் கால்பந்தா?

அக்டோபர் வந்தால் எனக்கு ரெண்டு கிறுக்கு: பேஸ்பால் பிளேஆஃப் (சீசன் முடிந்து சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகள்), என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் கணிப்பு. ரெண்டிலும் மூக்குடைபடுவேன். கணிக்கச் சொன்னால் கால்பந்து, தூக்கம் கெட்டுப் பார்க்க பேஸ்பால் என்பது என் கட்சி.

பேஸ்பாலில் 162 ஆட்டம் ஆடிச் சேர்த்த பெயர் ஒரே வாரத்தில் காலி. 2023-இல் 100 வெற்றியோடு வந்த டாட்ஜர்ஸ் அணியை, 84 வெற்றி மட்டுமே பெற்றிருந்த அரிசோனா 3-0 என்று சுருட்டியது. முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் பந்துவீச்சாளர் கெர்ஷா எடுத்தது ஒரே அவுட், கொடுத்தது ஆறு ரன்! ஆனால் தொடர் என்பதால் மீளவும் வழியுண்டு. 2004-இல் யாங்கீஸ் அணியிடம் 0-3 என்று கிடந்த பாஸ்டன் 4-3 என ஜெயித்தது. நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டனின் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடுகிறார், அதாவது பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுகிறார். அவர் கை பேஸைத் தொட்டதற்கும் அவரை அவுட்டாக்க யாங்கீஸ் ஆட்டக்காரர் ஜீட்டரின் கிளவுஸ் இறங்கியதற்கும் நடுவே ஒரு இமைப்பொழுது. இன்னமும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன்.

கால்பந்தில் 17 ஆட்டம்தான், வாரத்துக்கு ஒன்று. காயப் பட்டியலை அலச நேரம் கிடைக்கும், கணிப்பும் ஓரளவு தேறும். பிளேஆஃபில் மட்டும் ஒரே ஆட்டம், ஒரே தீர்ப்பு. தோல்வியே இல்லாமல் 18-0 என்று வந்த பேட்ரியட்ஸ் அணி, 2008 பிப்ரவரியில் ஜயன்ட்ஸிடம் 14-17 என்று தோற்றது. ஜயன்ட்ஸின் டேவிட் டைரீ பந்தைத் தன் ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்தாரே, அது எந்த ஜாதகத்தில் இருந்தது?