காதி நீதிமன்ற வாசல்வரை: ஒரு மகளிர் சட்ட உதவி மேசையின் சேவை

என் ராத்தாவின் (அக்காவின்) பஸஹ் விண்ணப்பத்துக்காக, அதாவது முஸ்லிம்களின் விவாக, விவாகரத்து வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் கணவனின் தவறைக் காட்டி மனைவி கேட்கும் விவாகரத்துக்காக, கிழக்கிலங்கையில் ஒரு மகளிர் அமைப்பு நடத்தும் சட்ட உதவி மேசைக்கு நான் ஏழு தடவை சென்றிருக்கிறேன். தையற்கடை ஒன்றின் மேல்மாடியில், ஒரே மின்விசிறியுடன் இருக்கும் சிறிய அறை அது. வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் திறப்பார்கள். கட்டணம் இல்லை. எல்லா நாட்களிலும் இருப்பவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சட்ட உதவியாளர். சட்டத்தரணியான இன்னொரு சகோதரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து கோப்புகளைப் பார்ப்பார். இந்தச் சேவையைத் தேடும் பெண்களுக்குப் பயன்படும் என்பதால் நாங்கள் கண்டவற்றை எழுதுகிறேன்.

முதல் நாள் ராத்தா தன் கைப்பட எழுதிச் சென்ற இரண்டு பக்கக் கடிதத்தைச் சட்ட உதவியாளர் வாய்விட்டு வாசித்தார். "மிகவும் கொடுமைப்படுத்தினார்" என்ற வரி வந்ததும் பேனையை எடுத்து அதற்குக் கீழே கோடிட்டு, "இப்படி எழுதினா அங்க ஒன்றும் நடக்காது மகள். எப்ப, எங்க, யார் பார்த்த? அதச் சொல்லுங்க" என்றார். ராத்தாவுக்குத் திகதிகள் நினைவில் இல்லை. அவர் பொறுமையாக, "நோன்புக்கு முன்னமா, பின்னமா? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மா வீட்டுக்கு வந்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டு, மூன்று வருடங்களில் நடந்த பதினொரு சம்பவங்களை மாதவாரியாக ஒரு தாளில் இறக்கிவிட்டார். வைத்தியசாலைத் துண்டு எந்தச் சம்பவத்தோடு பொருந்துகிறது, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எதற்கு உதவும், எந்த அயலவர் சாட்சி சொல்லக்கூடியவர் என்பதையெல்லாம் அன்றே பிரித்துக் காட்டினார். பஸஹ் கேட்கும் மனைவி, கணவன் மறுத்தாலும் மறுக்காவிட்டாலும், தன் கூற்றுக்குச் சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்பதும், தலாக் சொல்லும் கணவன் காரணமே கூற வேண்டியதில்லை என்பதும் எனக்கு அன்றுதான் தெளிவாக விளங்கின.

நிக்காஹ் பதிவுச் சான்றிதழைப் புரட்டியபோது அவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார். வாப்பாவின் கையொப்பம் இருந்தது, மாப்பிள்ளையின் கையொப்பம் இருந்தது, பதிவாளருடையதும் இருந்தது. ராத்தாவின் கையொப்பத்தைக் காணவில்லை. வலீ (மணமகளின் பொறுப்பாளர்) ஒப்பமிட்டால் போதும், மணமகள் ஒப்பமிட வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை என்றார். பத்து வருடங்களாக எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்த தாள் அது; நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

இவ்வளவு நுட்பமாக வேலை செய்பவர்களின் சேவை நீதிமன்ற வாசலில் நின்றுவிடுகிறது. இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான்; ஆனால் இதற்கு அந்த மேசை பொறுப்பல்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி நாட்டிலுள்ள ஏறத்தாழ 65 காதி நீதிமன்றங்களிலும் முஸ்லிம் ஆண் ஒருவரே காதியாக அமர முடியும். விவாகப் பதிவாளரும் ஆணாகவே இருக்க வேண்டும். பஸஹ் விசாரணையில் காதியுடன் அமரும் மூன்று ஜூரிமாரும், மேன்முறையீட்டைக் கேட்கும் காதிகள் சபையின் ஐந்து உறுப்பினர்களும் அவ்வாறே. காதிக்குச் சட்டப் பட்டம் வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. காதியின் முன் எந்தத் தரப்புக்காகவும் சட்டத்தரணி தோன்ற முடியாது என்பது ஆண் சட்டத்தரணிக்கும் பெண் சட்டத்தரணிக்கும் பொதுவான தடைதான். ஆனால் ஆண் சட்டத்தரணி விரும்பினால் நாளைக்கே காதிப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். சனிக்கிழமை வரும் எங்கள் சகோதரி, மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்காக வழக்காடியவர், விண்ணப்பப் படிவத்தைக்கூடத் தொட முடியாது. மாவட்ட நீதிபதியாக அவரை நியமிப்பதற்கு இந்த நாட்டில் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விசாரணை நாளன்று அதைக் கண்ணால் கண்டோம். எங்கள் பகுதிக் காதி நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலை வகுப்பறை ஒன்றில் கூடுகிறது. "கூட வந்தவர்கள் வெளியே இருக்கட்டும்" என்று சொல்லப்பட்டதும் சட்ட உதவியாளரும் நானும் வேப்பமரத்தின் கீழே வந்து நின்றோம். மாப்பிள்ளையுடன் வந்த அவருடைய நானா (அண்ணன்) மட்டும் உள்ளேயே இருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. அரை மணி நேரத்தில் ராத்தா முகம் சிவந்து வெளியே வந்தார். தாம்பத்தியம் பற்றி ஜூரிமாரில் ஒருவர் கேட்ட கேள்விக்கு, இத்தனை ஆண்களுக்கு நடுவில் அவரால் வாய் திறக்க முடியவில்லை. சட்ட உதவியாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் கைப்பையிலிருந்து தாளை எடுத்தார். ராத்தா காதோடு சொல்லச் சொல்ல, ஆறே வரிகளில் எழுதி, கீழே ராத்தாவின் கையொப்பத்தை வாங்கி, அவரையே உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அந்தத் தாள் காதியின் மேசைக்குப் போனது. எழுதியவர் மரத்தடியில் நின்றார். காதியார் அதை வாசித்துவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்திருந்தால் அந்தத் தாளே தேவைப்பட்டிருக்காது.

காத்திருந்த நேரத்தில், பெண் காதியாவது மார்க்கத்துக்கு முரண் என்று ஊரில் சொல்கிறார்களே என்று அவரிடம் கேட்டேன். பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விடயங்களில் அவள் தீர்ப்பும் வழங்கலாம் என்பது இமாம் அபூ ஹனீபாவின் நிலைப்பாடு என்றும், இமாம் தபரீ அந்த எல்லையும் வைக்கவில்லை என்றும், எங்களைப் போலவே ஷாபி மத்ஹபைப் (இஸ்லாமியச் சட்டப் பள்ளியைப்) பின்பற்றும் மலேசியாவிலேயே 2010இல் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள் என்றும் மனப்பாடமாகச் சொன்னார். எத்தனை பேருக்கு இதையே சொல்லிச் சொல்லிச் சலித்திருப்பாரோ தெரியவில்லை. குரலில் கோபம் இல்லை. இங்கே 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட சீர்திருத்தக் குழு 2018இல்தான் அறிக்கையைக் கையளித்தது; அப்போதும் உறுப்பினர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நின்றார்கள், பெண் காதி நியமனம் அவர்கள் முரண்பட்ட விடயங்களில் ஒன்று. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைச் சொல்கிறது. 16ஆம் உறுப்புரையோ, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிழலில்தான் நிற்கிறது.

மேசையைப் பற்றிய மனக்குறைகளும் எனக்கு உண்டு. அறையில் மறைப்பு கிடையாது. அடுத்த கதிரையில் காத்திருப்பவருக்கு நம் கதை முழுவதும் கேட்கும். சிறிய ஊரில் இது சாதாரண விடயம் அல்ல. மூன்றாம் தடவை நாங்கள் போனபோது எங்கள் தெருப் பெண் ஒருவர் அங்கே இருந்ததால் ராத்தா பேசாமலே திரும்பிவிட்டார். தொலைபேசியை எல்லா நேரமும் எடுக்க மாட்டார்கள். சட்டத்தரணி வரும் சனிக்கிழமையில் எட்டு மணிக்கே போனாலும் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும். ஒரு திரைச்சீலையும் நாளுக்கு இத்தனை பேர் என்ற இலக்கத் துண்டும் இருந்தால் பாதிச் சிரமம் தீரும். சொல்லியும் பார்த்தேன், சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு எட்டு மாதங்களில் வந்தது. பிள்ளைத் தாபரிப்புக் கட்டளையும் கிடைத்தது. ஆனால் இரண்டாம் மாதமே பணம் நின்றுவிட்டது. கட்டளையை நிறைவேற்ற அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே சனிக்கிழமைச் சகோதரி கறுப்பு அங்கியுடன் எழுந்து நின்று ராத்தாவுக்காகப் பேசினார். ஒரே குடும்பம், ஒரே நிலுவை, ஒரே கோப்பு. முதற்பாதியில் அவருக்கு வாய் இல்லை, பிற்பாதியில் இருந்தது.

ஐந்தில் நான்கு கொடுப்பேன். போகிறவர்கள் நிக்காஹ் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை ஆகியவற்றில் இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை), கைக்கூலி (மணமகனுக்குக் கொடுத்த சீதனப் பணம்), நகை விபரங்களை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டால் ஒரு பயணம் மிச்சமாகும். அறையில் போட்டோக் கொப்பி இயந்திரம் கிடையாது. எதிரே உள்ள கடை வெள்ளிக்கிழமைகளில் பதினொன்றரைக்கே ஜும்ஆவுக்காக மூடிவிடுகிறது.