விதையா, நாற்றா? இளவேனில் தொடக்கத்தில் குளிர்ப்பருவக் காய்கறிகள்

உறைபனி விலகத் தொடங்கியதும் தோட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு எல்லாம் குளிரைப் பற்றித்தான் கவலை. பட்டாணி, கேரட், முட்டைக்கோஸ், புரோக்கோலி வகையறாவைக் குளிர் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். விளைச்சலைப் பறித்துக்கொண்டு போவது பின்னால் வரும் வெயில். பகல் வெப்பம் நாள்தோறும் 25 டிகிரி செல்சியஸைத் தாண்ட ஆரம்பித்தால் லெட்டூஸ் கசந்து பூத்தண்டு நீட்டும், பட்டாணியில் பூ உதிரும், புரோக்கோலி மொட்டு இறுகாமல் மஞ்சளாக விரிந்துவிடும். ஆகவே மண்ணில் நேரே விதைப்பதா, வீட்டுக்குள் நாற்று விட்டு நடுவதா என்பதை, வெயில் ஏறும் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண்ணும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விதைப் பொட்டலத்தில் ‘60 நாள்’ என்று போட்டிருந்தால், கேரட், முள்ளங்கிக்கு அது விதைத்த நாளிலிருந்து. முட்டைக்கோஸ், புரோக்கோலி, காலிஃபிளவருக்குப் பெரும்பாலும் நாற்று நட்ட நாளிலிருந்து. பின்னவற்றை நேரடியாக விதைத்தால் இன்னும் நான்கு முதல் ஆறு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த வாரங்கள்தான் வெயிலில் போய் மாட்டிக்கொள்கின்றன.

நேரடி விதைப்பு: மண்ணின் சூடு சொல்வதுதான் கணக்கு

நாட்காட்டியைப் பார்த்து விதைப்பதைவிட, 5 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகி, மூன்று நாள் தொடர்ந்து காலையில் பார்த்துவிட்டு விதைப்பது மேல். பட்டாணி 5 டிகிரி மண்ணில் முளைக்க ஏறக்குறைய 36 நாள் எடுக்கும், 10 டிகிரியில் 13 நாள், 15 டிகிரியில் 9 நாள். கேரட்டுக்கு இதே வரிசையில் 50, 17, 10. மண் 5 டிகிரியிலேயே நிற்கிறது என்று வையுங்கள். இன்று போட்ட பட்டாணியைவிட, மூன்று வாரம் பொறுத்து 10 டிகிரி வந்தபின் போட்டது இரண்டு நாள் முன்னதாகத் தலை காட்டும். இடைப்பட்ட காலத்தில் விதை அழுகுவதும், எலி தோண்டித் தின்பதும் மிச்சம். லெட்டூஸ் மட்டும் விதிவிலக்கு. 5 டிகிரியிலும் பதினைந்து நாளில் முளைத்துவிடும். அதற்கு ஆகாதது சூடான மண்தான்.

சூட்டோடு ஈரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடித்து, அந்த உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். விரல் பதிந்து, களிமண் போலப் பளபளவென்று நின்றால் கொத்துக்கருவியைத் திரும்ப வைத்துவிடுங்கள். ஈர மண்ணை அவசரப்பட்டுக் கிளறினால் அது காய்ந்து கல்லாக இறுகும். அந்த வருடம் முழுக்கக் கட்டி உடைக்கும் வேலைதான். 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி இருந்தால் நீர் சீக்கிரம் வடிந்து, தரைமண்ணைவிட முன்னதாகச் சூடேறும்.

ஆழம்: பட்டாணி 3 செ.மீ., பீட்ரூட் 2 செ.மீ., முள்ளங்கியும் ஸ்பினாச் கீரையும் 1 செ.மீ. அல்லது சற்றுக் கூட, கேரட் அரை முதல் 1 செ.மீ., லெட்டூஸ் பெயருக்கு மூடினால் போதும். கேரட் முளைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் விதையைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் மழை பெய்து மேல்மண் பொருக்குத் தட்டியிருக்கும். தலைமுடி தடிமனே உள்ள முளையால் அதைப் பிளக்க முடியாது. தோண்டிய மண்ணாலேயே மூடாமல் சலித்த மட்கு உரத்தால் மூடுங்கள். மேலே நனைத்த கோணிச் சாக்கைப் போட்டு, பத்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் பச்சை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் முளை வெளிறிச் சாயும்.

பிறகு, நெருக்கமாக முளைத்ததில் மிகுதியானதை எடுத்துக் கலைத்துவிடும் வேலை. நேரடி விதைப்பில் சலிப்பூட்டும் பகுதி இதுதான், தள்ளிப்போடவும் முடியாது. கேரட்டுக்கு 5 செ.மீ., முள்ளங்கிக்கு 4 செ.மீ. இடைவெளி. பீட்ரூட்டில் ஒரு ‘விதை’ என்பதே பல விதைகள் ஒட்டிய கொத்து, எவ்வளவு தள்ளிப் போட்டாலும் மூன்று நான்காகத்தான் வரும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள்.

நாற்று: வாரங்களை மிச்சம் பிடிக்கும் வழி

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றுக்கும் எங்கள் வாக்கு நாற்றுக்குத்தான். வெயில் சீக்கிரம் ஏறும் இடமென்றால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மட்கு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதையாக 1 செ.மீ. ஆழத்தில் போட்டு, முளைக்கும்வரை 20 டிகிரி சூட்டில் வைக்கலாம். முளைத்த அன்றே 15 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். சன்னலோரம் போதும் என்று நினைப்பது பெரிய ஏமாற்றம்: தண்டு கம்பிபோல் நீண்டு கண்ணாடிப் பக்கம் சாயும், நட்டபின் முதல் காற்றிலேயே மடங்கும். குழல்விளக்கைச் செடிக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. தூரத்தில் தொங்கவிட்டு, தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள்.

தண்டு மண்மட்டத்தில் நூலாகச் சுருங்கி நாற்று சாய்ந்தால் அது நாற்றழுகல். வந்தபின் வைத்தியம் இல்லை. தட்டின் அடியிலிருந்து நீர் ஏற விட்டு, மேல்மண் காய்ந்தபிறகே மறுபடி நீர் காட்டினால் வராமல் தடுக்கலாம்.

நான்கைந்து வாரத்தில், முளைத்ததும் வரும் வித்திலைகளைச் சேர்க்காமல் நான்கு நிஜ இலை வந்ததும் வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினம் கொஞ்சம் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் இரவும் வெளியிலேயே. அப்படிப் பழகிய முட்டைக்கோஸ் நாற்று -3 டிகிரிவரை தாங்கும். பழகாதது வெறும் வெயிலிலேயே இலை வெளுத்துவிடும்.

இங்கே ஓர் எதிர்பாராத தவறு: நாற்றை அதிகநாள் வளர்ப்பது. தண்டு பென்சில் தடிமனுக்கு வந்த செடி, 10 டிகிரிக்குக் கீழான குளிரில் பத்து நாளுக்குமேல் நின்றால், குளிர்காலம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். புரோக்கோலியும் காலிஃபிளவரும் பொத்தான் அளவுப் பூவோடு நின்றுவிடும், முட்டைக்கோஸ் உருளாமலே பூத்தண்டு விடும். பெரிய நாற்றாக வாங்கினால் லாபம் என்று தோன்றும், சின்னதுதான் முந்தும். விலைக்கு வாங்கும்போது நடுக்குருத்தை விரித்துப் பாருங்கள், குட்டிப் பூ தெரிந்தால் வேண்டாம். வேர் குழியைச் சுற்றிச் சுற்றி வெள்ளையாக இறுகியிருந்தாலும் வேண்டாம்.

நடுவது கடைசி உறைபனிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பு, மேகமூட்டமான நாளிலோ மாலையிலோ, 45 செ.மீ. இடைவெளியில், வித்திலை மட்டம்வரை மண்ணுக்குள் இறக்கி. தண்டைச் சுற்றி அட்டைக் காகித வளையம் ஒன்று, மண்ணுக்குள் 2 செ.மீ., மேலே 5 செ.மீ. இருக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் வெட்டுப்புழு இரவோடு இரவாகச் செடியை அறுத்துச் சாய்த்துவிட்டுப் போகும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவை

கேரட்டையும் முள்ளங்கியையும் நாற்று விடாதீர்கள். ஆணிவேர் நுனி மடங்கினால் கிழங்கு இரண்டாகக் கவைத்துவிடும். பீட்ரூட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு, வேர் குழிக்குள் சுருளும் முன் நட்டுவிட்டால் போதும். ஸ்பினாச் நேரடி. பட்டாணியும் நேரடிதான், எலித் தொல்லை இருந்தால் மட்டும் ஆழமான காகிதக் குழலில் முளைக்கவைத்துக் குழலோடு நடலாம். லெட்டூஸில் பாதி நாற்று, அதை நடும் அன்றே பாதி விதை. ஒன்று முடியும்போது அடுத்தது வெட்டுக்கு வந்துவிடும்.

இடம் குறைவென்றால் இரண்டு முறையும் ஒரே பாத்தியில் அடங்கும். 45 செ.மீ. தள்ளி நட்ட முட்டைக்கோஸ் நாற்றின் இலைகள் ஒன்றையொன்று தொட ஆறு வாரமாவது ஆகும். அதுவரை நடுவில் ஸ்பினாச் விதைத்து இலை பறிக்கலாம். முள்ளங்கி இன்னும் சீக்கிரம் வரும் என்றாலும் அந்த இடத்தில் வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம். இலையில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை போடும் சின்ன வண்டு முதலில் முள்ளங்கிக்கு வந்து, அப்படியே முட்டைக்கோசுக்குத் தாவும்.